ஏழு வருடம் ஓட்டிய ஆடி டிடி: எட்டு மாதமாக ஏன் விலை போகவில்லை

இந்த எட்டு மாதத்தில் என் வண்டியைப் பார்க்கப் பதினொரு பேர் வந்தார்கள். எல்லோரும் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கூரை பின்பக்கம் இறங்கும் அந்த வளைவைக் கையால் தடவிப் பார்த்தார்கள். ஏழு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் ஓட்டியும் பார்த்தார்கள். வாங்கியவர் யாரும் இல்லை.

வண்டி 2015 மாடல் ஆடி டிடி, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். 45 டிஎஃப்எஸ்ஐ குவாட்ரோ. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க், எஸ் டிரானிக் என்ற ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.3 வினாடியில் தொடும் என்று கம்பெனி சொன்ன கணக்கு. புதிதாக வந்தபோது ஷோரூம் விலையே 60 லட்சத்துக்கு மேல். நான் 2018-இல் சென்னையில் முதல் உரிமையாளரிடமிருந்து 36 லட்சத்துக்கு எடுத்தேன். அப்போது 14,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 52,000.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் சப்ளை செய்வது என் தொழில். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வாரம் முழுக்கச் சுற்ற வேண்டும். வேலைக்கு வேறு வண்டி இருக்கிறது. டிடி ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், பள்ளிகொண்டா டோலைத் தாண்டும்போது கிழக்கே லேசாக வெளுக்கும். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஏலகிரி அடிவாரம் போய்ச் சேர்ந்ததும் ஜன்னலை இறக்கிவிடுவேன். மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைத்தான் அந்த வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பது எனக்கு அந்த வளைவுகளில்தான் புரிந்தது. வளைவுக்குள் நுழையும்போது இரண்டாவது கியர், வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்சக்கரமும் சேர்ந்து தள்ளுவது இடுப்பில் தெரியும். ஐப்பசி மழையில், சாலை முழுக்க இலையும் சேறுமாகக் கிடந்த ஒரு நாளில்கூட இந்த வண்டி ஒருமுறையும் என்னைப் பயமுறுத்தியதில்லை. மொத்த எடையே சுமார் 1,335 கிலோதான், அதுவும் ஒரு காரணம். மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு, இறங்கும் வழியில் ஆம்பூரில் பிரியாணி வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஏழு வருடத்தில் எத்தனை ஞாயிறு இப்படிப் போயிருக்கும் என்று எண்ணவில்லை. ஒன்றுகூட வீண் என்று தோன்றியதில்லை.

வண்டியில் குறை இல்லை, எனக்கு அலுக்கவும் இல்லை. பின் சீட்டில் 1.45 மீட்டர் உயரத்துக்கு மேல் உள்ளவர்கள் உட்காரக்கூடாது என்று கம்பெனி கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. வாங்கியபோது என் மகளுக்கு ஆறு வயது, அவளுக்கு அது ஒரு தனி அறை மாதிரி. இப்போது பதின்மூன்று, என் தோளைத் தாண்டிவிட்டாள். மகனும் தாண்டப்போகிறான். எங்கள் நைனாவுக்கு முட்டி தேய்மானம். வண்டியின் உயரமே 1.35 மீட்டர்தான், அதில் அவரை உட்கார வைக்கவும் முடியாது, எழுப்பவும் முடியாது. "நீ போய்ட்டு வாடா, நான் அந்த வேலை வண்டியில வரேன்"னு அவர் ஒவ்வொரு முறையும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனசு கேட்கவில்லை. அதனால்தான் விற்கிறேன்.

சரி, ஏன் விலை போகவில்லை?

முதலில் 24 லட்சம் கேட்டேன். குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி, கூட நான்கு நண்பர்களோடு வந்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவனுக்கு வண்டி பிடித்துவிட்டது, கையில் பதினைந்து லட்சமும் இருந்தது. மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று நினைத்திருந்தான். பத்து வருட வண்டிக்குக் கடன் கொடுக்க ஆள் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவன் அடுத்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டான். கடன் முடியும்போது வண்டிக்கு என்ன வயசாகியிருக்கும் என்றுதான் கொடுப்பவர்கள் பார்க்கிறார்கள். கொடுக்க முன்வந்த ஒரு இடத்தில் வட்டி, தனிநபர் கடன் அளவுக்கு இருந்தது. அவனே போன் செய்து, "அண்ணா, வேற யாராச்சும் கேட்டா குடுத்துடுங்க"ன்னான். குரல் உடைந்திருந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆம்பூரில் ஒரு பாய், எனக்குத் தொழிலில் பழக்கமானவர், பணத்துக்குப் பஞ்சமே இல்லாதவர். வந்து பார்த்தார். "வண்டி ஜோராகீது தம்பி. ஆனா இந்தத் துட்டுக்கு நான் பழைய ஃபார்ச்சூனர் எடுப்பேன். கல்யாணத்துக்குப் போனா ஏழு பேர் போலாம்"னார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் பக்கம் வண்டி என்றாலே அது குடும்பத்துக்கானது. திருப்பதி போக வேண்டும், சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போக வேண்டும், வளைகாப்புக்குச் சீர்த்தட்டு ஏற்ற வேண்டும். வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் 20 லட்சத்தை ரொக்கமாக எடுத்து வைக்கக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை இரண்டு பேர் மட்டும் வசதியாக உட்காரும் வண்டியில் போடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களும் பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ புதிதாகவே எடுத்துவிடுகிறார்கள்.

இந்த எட்டு மாதத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். வண்டியின் விலை வருடா வருடம் இறங்குகிறது, ஆனால் அதை வைத்துக் காப்பாற்றும் செலவு இறங்குவதில்லை. யானை குதிரை விலைக்கு வந்தாலும் தின்பது யானைத் தீனிதான். 20 லட்சத்துக்கு வாங்குகிறவர் 20 லட்ச ரூபாய் வண்டிக்கு ஆகும் செலவை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார். கதவு, விளக்கு, பம்பர், பிரேக் டிஸ்க் எல்லாம் 60 லட்ச ரூபாய் வண்டியின் விலையில்தான் வரும்.

நான் செலவு நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பெட்ரோல் நீங்கலாக, ஏழு வருடத்தில் சுமார் பத்தரை லட்சம். வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அதில் பெரிய பங்கு இன்சூரன்ஸ். 1500 சிசிக்கு மேல் உள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீடே 2022-இலிருந்து 7,897 ரூபாய், அது சின்ன விஷயம். சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம்தான் பாரம். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு இவ்வளவு என்று அட்டவணை கிடையாது, கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்ய வேண்டும். மதிப்பைக் குறைத்தால் பிரீமியம் குறையும், ஆனால் ஒரு ஹெட்லைட் போனால்கூடக் கையிலிருந்து பெரிய தொகை போகும். தேய்மானம் கழிக்காத பாலிசியும் இந்த வயது வண்டிக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை. அப்புறம் டயர். 18 அங்குலச் சக்கரத்துக்கு நான்கு டயர் மாற்ற எனக்கு ஆனது 90,000 ரூபாய், இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஒருமுறை தேய்ந்துபோய். இன்னொருமுறை சாலைப் பள்ளத்தில் இறங்கி, பக்கவாட்டில் கொப்பளம் விட்டது.

சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேகத்தடைக்கு என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் ஒரு அளவு வைத்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் போட்டிருந்தால் டிடி எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறி இறங்கிவிடும். எங்கள் பக்கத் தெருக்களில் இருப்பவை பாதி அகலத்தில் இரண்டு மடங்கு செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். வண்டி பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் அடியில் தட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்ட நிமிடமே மனம் மாறினார்கள். ஒருமுறை முன் பம்பரின் கீழ்ப்பகுதியே கிழிந்து, அதற்கு 60,000 ரூபாய் ஆனது.

பெங்களூரிலிருந்து வந்த ஐடி வேலைக்காரர் ஒருவர்தான் உண்மையிலேயே வாங்கியிருக்க வேண்டியவர். வண்டியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஐல் ஆஃப் மேன் தீவின் டூரிஸ்ட் டிராபி பந்தயத்திலிருந்து வந்த பெயர் இது, 1998-இல் தொடங்கி மூன்று தலைமுறை ஓடி 2023 நவம்பரில் தயாரிப்பு நின்றது என்று என் பிள்ளைகளுக்கு அவர்தான் கதை சொன்னார். விலையும் ஏறக்குறைய பேசி முடித்துவிட்டோம். பிறகு அவர் கணக்குப் போட்டார். வேலூர் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடகாவில் மறுபதிவு செய்து, அங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைத்தாலும், கணக்குத் தொடங்குவது நான் கேட்கும் விலையில் இல்லை, வண்டி புதிதாக விற்ற விலையில். அவர் மனமில்லாமல்தான் கிளம்பினார். வேலூரிலிருந்து 210 கிலோமீட்டரில் இருக்கிறது பெங்களூர். இந்த வண்டியின் மதிப்பு தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், நடுவில் மாநில எல்லை நிற்கிறது.

நேரமும் சேர்ந்து வரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 50 சதவீதம் வரை போன மொத்த வரி 40 சதவீதமானது. புதிய சொகுசுக் கார்களின் விலை இறங்கினால் பழையவையும் இறங்கித்தானே ஆக வேண்டும். சென்னையில் ஒரு பழைய கார் கடையில் அதற்கு முன் 18 லட்சம் என்றவர்கள், பிறகு 15 என்றார்கள். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், போட்டோவை வைத்தே சொன்ன விலை அது. கடைக்காரர்கள் தங்கள் லாபத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டும், வண்டி எத்தனை மாதம் நிற்கும் என்று தெரியாது, அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடியில் பார்க்காமல் விலை சொன்னது வலித்தது.

அப்புறம் இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இப்போது வருகிற எல்லோரும் கேட்கும் இரண்டாவது கேள்வி அதுதான். 2015-இல் செய்த வண்டி இ10 வரைக்கும் கவலையில்லாமல் குடிக்கும். அதற்கு மேல் போனால் நாளாக நாளாக என்ன ஆகும் என்ற பயம் வாங்குகிறவருக்கு இருக்கிறது. நான் சென்னை போகும்போதெல்லாம் எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் போட்டுக்கொண்டு வருகிறேன், மற்ற நேரம் 95 ஆக்டேன். ஊருக்குள் லிட்டருக்கு எட்டு, ஹைவேயில் பதின்மூன்று கிடைக்கிறது.

யாருமே சரியாகக் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஓடோமீட்டரைப் பார்த்து, "52,000 தானா, சூப்பர்" என்கிறார்கள். குறைவாக ஓடியது மட்டும் போதாது. நின்றே கிடக்கும் வண்டியில் ரப்பர் காயும், பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் ஆழமாக இருந்தாலும் அந்த எண் ஆறு, ஏழு வருடம் பழையது என்றால் அந்த டயரை நம்பக்கூடாது, அதுவும் வேலூர் வெயிலில். எஸ் டிரானிக் ஆயில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பின்சக்கர இழுவைக்கான ஹால்டெக்ஸ் ஆயில் அதற்கும் முன்னதாக மாற்ற வேண்டும். இவற்றின் பில் இருக்கிறதா என்று கேட்டவர் அந்த பெங்களூர்க்காரர் ஒருவர்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து கிலோமீட்டருக்கு முன்னால் பில் ஃபைலைக் கேளுங்கள்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் போன மாதம் ஒரு யோசனை சொன்னார். "விலையைக் குறைக்கிறதுக்குப் பதிலா வாங்குறவனோட பயத்தைக் குறை." அதன்படி செய்திருக்கிறேன். எஸ் டிரானிக் ஆயிலை 52,000-லேயே மாற்றிவிட்டேன், ஹால்டெக்ஸும் ஆயிற்று. பேட்டரி புதுசு. இன்சூரன்ஸை ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். செலவு நோட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, பில்களோடு ஃபைலில் வைத்திருக்கிறேன். அடுத்த மூன்று வருடத்தில் என்னென்ன மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சுமாராக எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் என் கையாலேயே எழுதியும் வைத்துவிட்டேன். விலை 20 லட்சம்.

வரும் ஞாயிறு ஓசூரிலிருந்து ஒருவர் வருகிறார். தமிழ்நாட்டு ரிஜிஸ்ட்ரேஷனே போதும், எல்லைப் பிரச்சினை இல்லை. போனில் முதல் கேள்வியே கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்பதுதான். யாரோடு வருகிறீர்கள் என்று கேட்டேன். தனியாக பஸ்ஸில் வருகிறேன், சனிக்கிழமை ராத்திரியே வேலூர் வந்து தங்கிவிடுகிறேன் என்றார். காலை ஐந்து மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன். ஏலகிரி ஏறும்போது நான் ஓட்டுகிறேன், இறங்கும்போது அவர் ஓட்டட்டும்.