ஹாஸ்டல் பணம் 1,42,000 ரூபாய் போச்சு: தனியார் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

1,42,000 ரூபாய். தம்பியின் ஹாஸ்டலுக்கு ஒரு வருடத்துக்கு என்று கட்டிய பணம். அவன் அங்கே தங்கியது ஒரு மாதமும் சில நாட்களும்தான். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது என்று நேற்று ராத்திரி மெயில் வந்துவிட்டது. "தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று இரண்டே வரி. தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயரைப் போடவில்லை. வழக்குப் போடும் வரை வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். சென்னையைச் சுற்றி இருக்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. அது போதும்.

நாங்கள் பல்லடம் பக்கம். அப்பா தறி ஓட்டுகிறார். நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து மெக்கானிக்கல்தான் படிக்க வேண்டும் என்று ஆசை. கட்ஆஃப் 168 வந்தது. எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடினாலும் அவன் மாறவில்லை. கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்திருந்தோம். ஆனால் நல்ல கல்லூரி கிடைக்குமா என்று பயம். ரிசல்ட் வந்த நாளிலிருந்து போன் மேல் போன். எங்கள் நம்பர் யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று மே மாதக் கடைசியில் அப்பாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு அட்மிஷன் கவுன்சிலர். என் வயதுதான் இருக்கும். முதலில் மேடம் என்றார். ஊரைக் கேட்டதும் தனக்கும் கோயம்புத்தூர் பக்கம்தான் என்றார், அப்புறம் அக்கா ஆகிவிட்டேன். அப்பாவை நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அப்பா இந்த மாதிரி இடத்துக்கு வந்து பழக்கமில்லாதவர், கூச்சத்தில் நுனியில் உட்கார்ந்திருந்தார். "அப்பா, நல்லா சாஞ்சு உக்காருங்க, இது உங்க பையன் படிக்கப்போற இடம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அப்பாவின் முகமே மாறிவிட்டது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஹாஸ்டல் ரூமைக் காட்டினார். இரண்டு கட்டில், ஏசி, உள்ளேயே பாத்ரூம், ஆளுக்கு ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே மரம். இதுதான் டூ ஷேரிங் ஏசி ரூம், இப்போதே கட்டினால்தான் கிடைக்கும் என்றார். நான் நேராகவே கேட்டேன். "கவுன்சிலிங்ல கவர்ன்மென்ட் காலேஜ் கிடைச்சா பையன் போயிடுவான், அப்போ பணம் என்ன ஆகும்?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தாராளமா போகட்டும்க்கா. யு.ஜி.சி. ரூல் இருக்கு. பீஸ், ஹாஸ்டல் எல்லாமே முழுசா ரீஃபண்ட். அவன் எனக்கும் தம்பி மாதிரிதான், நான் பார்த்துக்க மாட்டேனா?" யு.ஜி.சி. என்றால் பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களுக்கு விதி போடும் மத்திய அரசு அமைப்பு.

பணம் கட்டும்போது இன்னொன்றும் கேட்டேன். படிப்புக் கட்டணம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்த அக்கவுண்டுக்குப் போனது. ஹாஸ்டல் பணத்துக்குக் கொடுத்த அக்கவுண்ட் வேறு ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "ஆடிட்டுக்காக தனியா வெச்சிருக்காங்க, எல்லாம் ஒரே மேனேஜ்மெண்ட்தான்" என்றார். ரசீதிலும் பல்கலைக்கழகத்தின் முத்திரைச் சின்னம்தான் பெரிதாக இருந்தது. 1,42,000 ரூபாய், அதில் 10,000 காஷன் டெபாசிட், அதாவது விலகும்போது திருப்பித் தர வேண்டிய முன்பணம். சீட்டு எடுத்த பணம் பாதி, அம்மாவின் ஆரத்தை வங்கியில் வைத்த பணம் பாதி.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. ஹாஸ்டலுக்குப் போனால் அந்த ரூம் இல்லை. நாங்கள் பார்த்தது வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கும் ரூமாம். தம்பிக்குக் கிடைத்தது வேறு கட்டடத்தில் நான்கு பேர் ரூம். ஏசி பெட்டி சுவரில் இருக்கிறது, ஓடாது. பாத்ரூம் தாழ்வாரத்தின் கடைசியில், ஒரு மாடிக்கே அதுதான். காலையில் ஆறு மணிக்கு மேல் போனால் தண்ணீர் இருக்காது. லாரித் தண்ணீர் வந்தால்தான் தொட்டி நிறையும். வார்டனிடம் சொன்னால் "ஏம்பா, இப்போதைக்கு இங்க இரு, புது பிளாக் ரெடியானதும் மாத்திடறோம்" என்பார். டூ ஷேரிங்குக்குக் கட்டிய ரசீதைக் காட்டினால், அது அட்மிஷன் ஆபீஸ் விஷயம், எனக்குத் தெரியாது என்பார். மெஸ் பற்றித் தனியாக எழுதத் தெம்பில்லை. இரண்டு வாரத்தில் பையன் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டான், பக்கத்து ரூமில் இன்னும் மூன்று பேர்.

படிப்பு? பிராஸ்பெக்டஸில் படம் போட்டிருந்த பேராசிரியர்கள் யாரும் முதலாமாண்டு வகுப்புக்கு வரவில்லை. பி.எச்.டி. செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளை அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தங்கள் ஆராய்ச்சியையும் விட்டுவிட்டு ஒரு வகுப்பில் எழுபது எண்பது பேருக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேட்சைச் சேர்த்துவிட்டதால் ஃபிட்டிங்கில் இரும்பைப் பிடித்து வைக்கிற ஒரு வைஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். தம்பிக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. இயந்திரங்கள் இருக்கிற கூடத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

ஆகஸ்ட் கடைசியில் கவுன்சிலிங்கில் அரசு பொறியியல் கல்லூரியிலேயே மெக்கானிக்கல் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம், அவ்வளவு சந்தோஷம். கடவுள் புண்ணியத்தில் பணமும் திரும்ப வந்துவிடும் என்றார் அம்மா.

இங்கேதான் உண்மையான வேலையைக் காட்டினார்கள். தம்பியின் டி.சி.யும் மார்க் ஷீட்டும் அவர்களிடம் இருந்தன. சேரும்போது சரிபார்க்க வேண்டும் என்று ஒரிஜினலை வாங்கி வைத்திருந்தார்கள். புதுக் கல்லூரியில் சேரக் கடைசித் தேதி நெருங்குகிறது. ஆபீஸில் காலையிலிருந்து உட்கார வைத்தார்கள். சாயங்காலம் இங்கிலீஷில் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். "என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன். விடுதிக் கட்டணம் எதையும் திருப்பிக் கேட்க மாட்டேன்." இதில் கையெழுத்துப் போட்டால் இப்போதே சர்டிபிகேட், இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரார் வந்த பிறகு பார்க்கலாம், அவர் எப்போது வருவார் என்று தெரியாது. பதினேழு வயதுப் பையன். பக்கத்தில் அப்பா. அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. நான் போனில் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே, "நேரமாச்சு தம்பி, ஆபீஸ் மூடறோம்" என்று அவன் கையில் பேனாவைத் திணித்தார்கள். சீட் போய்விடும் என்ற பயத்தில் அவன் போட்டுவிட்டான். அவன் மேல் எனக்கு ஒரு வார்த்தைகூட வருத்தமில்லை. சர்டிபிகேட்டைப் பிணையாக வைத்து ஒரு பிள்ளையிடம் எழுதி வாங்கியவர்கள் மேல்தான் என் ஆத்திரம் முழுவதும்.

அப்புறம் நடந்தது எல்லாம் அலைக்கழிப்பு. அக்கவுண்ட்ஸில் கேட்டால், "மேடம், ஹாஸ்டல் பணம் எங்க கணக்குல வரலீங்க, அந்தக் கம்பெனியைக் கேளுங்க." அந்தக் கம்பெனிக்கு ரசீதில் போன் நம்பரே இல்லை. முகவரி பல்கலைக்கழக வளாகத்தின் முகவரிதான்! எழுதிக் கேட்டால், பையன் விலகல் கடிதம் கொடுத்திருக்கிறான் என்று பதில். கம்பெனிக்குக் கொடுக்காத கடிதம் கம்பெனியிடம் எப்படிப் போனது? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா அக்கா என்று அழைத்த அந்தக் கவுன்சிலர் முதலில் "சாரிடம் பேசிட்டேன்க்கா, ஒரு வாரம்" என்றார், பிறகு "புராசஸ்ல இருக்கு" என்றார், அதன் பிறகு எடுக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து அழைத்தபோது என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

படிப்புக் கட்டணம் திரும்பி வந்தது, 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு. அந்த ஆயிரத்தைக்கூடப் பிடிக்கக் கூடாது. தம்பி சேர்ந்த 2024-25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. சொன்னது இதுதான்: செப்டம்பர் 30க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுப் பணமும் தர வேண்டும், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடிக்கலாம். தம்பி விலகியது செப்டம்பர் முதல் வாரத்தில். 2018இல் யு.ஜி.சி. போட்ட அறிவிப்பில், ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பல்கலைக்கழகம் பிடித்து வைக்கவே கூடாது, பார்த்துவிட்டு அப்போதே கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. ரீஃபண்ட் கணக்கிடும்போது படிப்புக் கட்டணத்தோடு மற்றக் கட்டணங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றும், காஷன் டெபாசிட்டை முழுதாகத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இவ்வளவு விதி இருப்பதால்தான் ஹாஸ்டல் பணத்தை வேறு கம்பெனி பெயரில் வாங்குகிறார்கள் என்பது என் முடிவு. விதி பல்கலைக்கழகத்துக்கு, பணம் கம்பெனிக்கு. 10,000 டெபாசிட்டையும் சேர்த்து 1,42,000 ரூபாயை அப்படித்தான் விழுங்கினார்கள்.

புகார் கொடுக்காமலும் இல்லை. 2023இல் வந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் ஆம்பட்ஸ்பர்சன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நல்ல விதிதான். ஆனால் தம்பி விலகிய அன்றே அவன் ரோல் நம்பரை முடக்கிவிட்டதால் புகார்ப் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை. மெயிலில் அனுப்பினால், "அவர் தற்போது எங்கள் மாணவர் அல்ல, குழு ஏற்க இயலாது" என்றார்கள். யு.ஜி.சி.யின் இ-சமாதான் என்ற ஆன்லைன் புகார்த் தளத்தில் போட்டேன். அவர்கள் அதைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் விடுதி எங்களுடையது இல்லை என்று எழுதியது. நேற்று ராத்திரி முடித்து வைத்துவிட்டார்கள். யாரை எதிர்த்துப் புகார் கொடுத்தோமோ அவர்கள் எழுதிய பதிலை வைத்தே முடித்திருக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கை ஓயவில்லை, மனசு ஓய்ந்துவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்சிலிங் முடியும் வரை டி.சி. உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். ஹாஸ்டல் பணம் வேறு பெயர் அக்கவுண்டுக்குப் போகிறது என்றால் கட்டாதீர்கள், சீட் போய்விடும் என்று பயமுறுத்தினாலும் கட்டாதீர்கள். ரீஃபண்ட் தருவோம் என்று வாயால் சொன்னால் போதாது, அங்கேயே அவர்களின் மெயிலிலிருந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளையை மட்டும் தனியாக டி.சி. வாங்க அனுப்பாதீர்கள். காட்டுகிற ரூமை விடுங்கள், மாணவர்கள் இருக்கிற மாடிக்குப் போய் அவர்களிடமே தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள்.

நாங்கள் அடுத்து அந்தக் கம்பெனி மேல் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி ஹாஸ்டல் பணத்தை வேறு கம்பெனி பெயரில் கட்டி இழந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள், எனக்கு எழுதுங்கள். ஒரே கம்பெனியாக இருந்தால் சேர்ந்தே போடலாம் என்று வக்கீல் சொல்கிறார்.