சுவர் ஈப்புலியா, செடி ஈப்புலியா: பிடித்து வளர்க்க எது ஏற்றது?

வலை கட்டாமல் தாவி இரை பிடிக்கும் சிலந்தியான ஈப்புலியின் வளர்ப்பைப் பற்றிக் காணொளிகளில் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஃபிடிப்பஸ் ரீஜியஸ் என்ற பெரிய இனத்தை மனத்தில் கொண்டவை. அதன் பெண் சாதாரணமாக ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சில அதையும் தாண்டும். நம் வீட்டுச் சுவரில் திரிவது ஒரு சென்டிமீட்டரை எட்டினாலே பெரிது. அந்த அறிவுரையை நம்பிப் பெரிய வெட்டுக்கிளியைப் பெட்டிக்குள் விட்டால், எது எதற்கு இரையாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே நம் ஊரில் கையில் கிடைப்பவற்றையே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பிடித்தது ஈப்புலிதானா என்பதை முகத்தைப் பார்த்து உறுதி செய்யலாம். முன்வரிசையில் நான்கு கண்கள் நேராக நோக்கியிருக்கும். அவற்றுள் நடுவில் உள்ள இரண்டும் வண்டி முகப்பு விளக்குகளைப் போலப் பெரியவை. வலை பின்னாமல் தரையில் ஓடி இரை தேடும் ஓநாய்ச் சிலந்திக்கு முன்வரிசைக் கண்கள் நான்கும் சிறியவை. விரலை நகர்த்தினால் உடலைத் திருப்பி நம்மையே பார்ப்பது ஈப்புலியின் குணம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இக்குடும்பத்தில் இனப்பெயரை நிறத்தை மட்டும் கொண்டு அறுதியிட முடியாது என்றாலும், வீட்டைச் சுற்றி வாழும் சிலவற்றை வெறுங்கண்ணாலேயே ஓரளவு பிரித்தறியலாம்.

வெளிச்சுவரிலும் மதிலிலும் தட்டையாக ஒட்டி நடக்கும் சாம்பல் நிறச் சிலந்தி பெரும்பாலும் மெனெமெரஸ் பைவிட்டேட்டஸ் ஆகும். ஆணின் வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடும், பெண்ணின் வயிற்றுக்கு இரு பக்கமும் கரும்பட்டைகளும் இருக்கும். வீட்டுக்குள் சற்றுப் பருத்துத் தெரிவது பிளெக்சிப்பஸ் பேகுல்லி. வணிகப் பொருள்களோடு பயணித்து வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்ட இதற்கு 1826-இலேயே அறிவியல் பெயர் சூட்டிவிட்டார்கள். இதன் ஆண் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு மிடுக்காக இருக்கும். பெண் பழுப்பு நிறம், முதுகின் நடுவே வெளிறிய பட்டை. இதன் நெருங்கிய உறவான பிளெக்சிப்பஸ் பீட்டர்சியின் பெண்ணும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். வளர்ப்பு முறையில் வேறுபாடு இல்லாததால் வளர்ப்பவருக்கு அது பெரிய சிக்கல் அன்று.

இவ்விரண்டில் நான் பிளெக்சிப்பஸையே தேர்ந்தெடுப்பேன். விரிந்த சுவரும் ஒடுங்கிப் புகுந்துகொள்ள விரிசலும் மெனெமெரஸுக்கு வேண்டும்; சின்னப் பெட்டியில் அது ஓய்வின்றி ஓரங்களையே சுற்றுகிறது. பிளெக்சிப்பஸோ மூடியருகே ஒரு நூற்கூட்டைக் கட்டிக்கொண்டு, பகலில் வேட்டைக்கு இறங்கி, இரவில் அதற்குள் திரும்பிவிடுகிறது. மேலும், அது நம் வீட்டு வெப்பத்துக்கும் வீட்டு ஈக்கும் ஏற்கெனவே பழகியது. குளிர் நாட்டார் சொல்லும் சூட்டு விளக்கு இங்கே தேவையே இல்லை.

அழகை மட்டும் பார்த்தால் செடியில் வாழ்பவை முந்திவிடும். இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் ஹில்லஸ் செமிகுப்ரியஸ், பெயரிலேயே செம்பைத் தாங்கிய, மயிரடர்ந்த, பருத்த சிலந்தி. படம் எடுப்பவர்களின் செல்லம். வெளிர்மஞ்சள் உடலில் இரண்டு செங்கோடுகள் கொண்ட டெலமோனியா டிமிடியாட்டாவும் கண்ணைக் கவரும். (கழிப்பறை இருக்கைக்கு அடியில் ஒளிந்து ஆளைக் கொல்லும் சிலந்தி என்று மின்னஞ்சலில் சுற்றிய புரளிக்கு இந்த அப்பாவியின் பெயரைத்தான் பயன்படுத்தினார்கள்.) ஆனால் இலைகளுக்கிடையே பனியும் காற்றும் பட்டு வாழ்ந்தவற்றுக்கு, மூடிய பெட்டியில் ஈரத்தையும் காற்றோட்டத்தையும் ஒருசேரத் தருவது புதியவருக்கு எளிதன்று. முசிற்றெறும்பைப் போலவே உருவெடுத்த மிர்மாப்லாட்டா என்ற ஈப்புலியை மரத்திலேயே பார்த்து வியப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனத்தைக் காட்டிலும் வயதே முக்கியம் என்பது என் கருத்து. ஈப்புலிகளின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. முகத்தருகே உள்ள குட்டையான உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல உப்பியிருந்தால் அது முதிர்ந்த ஆண்; பெண்ணைத் தேடி அலைவதே அதன் மிச்ச வாழ்க்கை என்பதால், அதைப் பெட்டியில் அடைப்பது வீண். முதிர்ந்த பெண் முன்பே கூடியிருக்கக்கூடும். சில வாரங்களில் முட்டைப்பை கட்டினால், ஓர் ஈப்புலிக்குப் பதிலாகப் பல குஞ்சுகளுக்குத் தீனி தேட வேண்டியிருக்கும். அரை வளர்ச்சியில் உள்ளது கிடைத்தால் அதுவே சிறந்தது. எனினும், வெளியில் பிடித்த எதற்குள்ளும் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். வயிறு மட்டும் இயல்புக்கு மீறிப் புடைத்திருப்பதையும், முதுகில் குளவிப் புழு ஒட்டியிருப்பதையும் எடுக்க வேண்டாம். சரணாலயங்களிலிருந்து எந்த உயிரையும் அனுமதியின்றி எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சுவரே போதும்.

பெட்டியின் கதவு பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேல்மூடியைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் அதன் கூடு கிழியும். சுவரில் ஓரிரு நீர்த்துளிகள் தெளித்தால் அதுவே குடிநீர். இரை அதன் உடலைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கனிந்த வாழைப்பழத் தோலைப் புட்டியில் போட்டு வைத்தால் பழ ஈக்கள் தாமாகவே வந்து சேரும். சில நாள் கூட்டை விட்டு வெளியே வராமல் உணவையும் மறுத்தால் பெரும்பாலும் அது தோலுரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது உயிருள்ள பூச்சியை உள்ளே விட்டுவைப்பது ஆபத்து.

எந்த இனமாக இருந்தாலும், பெட்டி இருக்கும் அறையில் கொசுவத்தியோ திரவக் கொசுவிரட்டியோ பயன்படுத்தக் கூடாது. அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு கொசுவுக்கும் சிலந்திக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை. கொசுவத்தியில்லாமல் இரவைக் கழிக்க முடியாத வீட்டில், ஈப்புலியைப் பிடித்த சுவரிலேயே விட்டுவிட்டு, அது ஈ பிடிப்பதை வேடிக்கை பார்க்கலாம்.