வீட்டுக் கணினிக்கு எந்த சி கம்பைலர்?

கல்லூரியில் முதலாண்டு கணினி அறிவியல் படிக்கும் என் அண்ணன் மகளுக்காக, பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் சி மொழியில் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றித்தரும் சி கம்பைலர்கள் மூன்றை நிறுவி, ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தோம். கணினி பழையது, நினைவகம் 4 ஜிபி, இணையமோ கைப்பேசியிலிருந்து எடுப்பது. ஆகவே பல ஜிபி இறக்கவேண்டிய விஷுவல் ஸ்டுடியோ பக்கமே போகவில்லை.

முதலில் நிறுவியது டர்போ சி பிளஸ் பிளஸ். அவளுடைய ஆய்வகத்தில் இருப்பது அதுதான். தொண்ணூறுகளில் ஜங்ஷன் பக்கம் ஒரு கணினி மையத்தில் அதே நீலத்திரையில் நான் சி கற்ற பாசமும் சேர்ந்துகொண்டது. டாஸ் காலத்து மென்பொருள் என்பதால் 64 பிட் விண்டோஸில் பழைய டாஸ் சூழலை உருவாக்கித்தரும் டாஸ்பாக்ஸ் மென்பொருளின் உதவியோடுதான் ஓடுகிறது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காரணீயப் பெருக்கம் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கிய விடை) காணும் நிரலில் 7க்கு 5040 என்று சரியாகச் சொன்னது, 8க்கு -25216 என்றது. "சித்தப்பா, நான் சரியாத்தான் எழுதிருக்கேன்" என்று அவள் அரைமணி நேரம் நிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதியது சரிதான். டர்போவில் முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' வகைக்கு இடம் 16 பிட்தான். 32767க்கு மேல் அதில் கொள்ளாது, சரியான விடையோ 40320.

அடுத்தது ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட இந்தக் கட்டற்ற கம்பைலர் இன்றும் வளர்ந்துவருகிறது. இதில் இன்ட் 32 பிட் என்பதால் 12 வரை விடை சரியாக வருகிறது; 13க்கு இன்னும் பெரிய எண்களைக் கொள்ளும் 'லாங் லாங்' வகை தேவை. நிரல் எழுதும் திரையைத் தரும் கோட்பிளாக்ஸ் மென்பொருளோடு சேர்த்து நிறுவுவது எளிது. ஆனால் மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) என்று பெயரில் உள்ள கோப்பையே இறக்கவேண்டும்; அவசரத்தில் நான் மற்றதை இறக்கியதால், எழுதும் திரை வந்ததே தவிர கம்பைலர் வரவில்லை. அமைப்புகளில், பெரும்பாலான எச்சரிக்கைகளைக் காட்டச்சொல்லும் '-வால்' (-Wall) தெரிவை இயக்குவதும் அவசியம் (பெயரைக் கேட்டு அவள் சிரித்தாள்). உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்பில், மாறியின் முகவரியைக் குறிக்க அதன் முன் போடும் '&' விட்டுப்போனால், முகவரி வரவேண்டிய இடத்தில் எண் வந்திருக்கிறது என்று வரியைக் காட்டி எச்சரிக்கிறது. கற்கத் தொடங்குபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை.

ஃபாப்ரிஸ் பெல்லார்டின் டைனி சி மிகச் சிறியது, மின்னல் வேகம். ஆனால் எச்சரிக்கைகள் குறைவு என்பதால் மாணவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

ஜிசிசியையே வைத்துக்கொண்டோம். ஆய்வகக் குறிப்பேட்டிலுள்ள திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் வரிகளை மட்டும் இதில் நீக்கவேண்டியிருக்கிறது. டர்போவையும் அழிக்கவில்லை; செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் அவள் அதைத் திறந்துகொள்வாள்.