கேரக்டரின் குடும்பம்: எழுதுவதா, உருட்டுவதா?

ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதில் என் பழைய போர்வீரனுக்கு நான்கு பக்கம் பின்கதை எழுதினேன். இப்போது ஆடும் ரோக்கின் (திருட்டும் தந்திரமும் தெரிந்த கேரக்டர்) குடும்பம் மொத்தமும் பகடையில் விழுந்தது. இரண்டையும் பல இரவுகள் தொடரும் நீண்ட கேம்பெய்னில் ஆடிப் பார்த்தாயிற்று. இனி எனக்கு உருட்டல்தான்.

எழுதினால் நினைத்த ஆள் நினைத்தபடி கிடைப்பான். உருட்டினால் நேரம் மிச்சம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

உருட்ட நான் எடுத்தது 2017-இல் வந்த 'ஸனதார்ஸ் கைடு டு எவ்ரிதிங்' என்ற விதிப்புத்தகத்தின் அட்டவணைகளை. 10 முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் உடன்பிறப்பே கிடையாது. 9 அல்லது 10 என்றால் 8 முகப் பகடையை உருட்டி 3 கூட்ட வேண்டும். 11 பேர் வரை போகும். அப்புறம் ஒவ்வொருவரும் மூத்தவரா இளையவரா, என்ன தொழில், உயிரோடு இருக்கிறாரா, நம்மோடு உறவு எப்படி என்று உருட்டிக்கொண்டே போகலாம். எனக்கு மூன்று பேர். மூத்த அக்காவுக்கு 'காணவில்லை' என்று வந்தது. உறவுக்கு 4 முகப் பகடை மூன்றை உருட்டினேன், கூட்டுத்தொகை 4. அதாவது பகை.

ஏன் பகை? அட்டவணை சொல்லாது. என்னைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான்: குடும்பத்தில் டிஎம் (ஆட்டத்தின் கதையை நடத்துபவர்) கைவைக்க இடம் இருக்கிறதா? போர்வீரன் கதையில் அப்பாவைக் கொன்றவன் யார், எதற்காக என்பதெல்லாம் எழுதி முடித்திருந்தேன். டிஎம் கொஞ்சம் மாற்றிச் சொன்னால்கூட, "இல்லை, மூன்றாம் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறது" என்று நிறுத்துவேன். நாலைந்து செஷனுக்குப் பிறகு அவர் அந்தக் குடும்பத்தைத் தொடவே இல்லை.

ரோக்குக்கு நடந்தது வேறு. ஆற்றங்கரைச் சுங்கச்சாவடியில் எங்களை மறித்த காவல்தலைவி தலைக்கவசத்தைக் கழற்றினாள். "அம்மா மோதிரத்தை இன்னும் நீதான் போட்டிருக்கிறாயா?" என்றார் டிஎம், அக்காவின் குரலில். மோதிரம் என்ற ஒன்று அந்த நிமிடம் வரை இல்லை. சட்டென்று, "நீ விட்டுவிட்டுப் போனதால்தான்" என்றேன். மீதி செஷன் முழுக்க அந்த மோதிரத்தின் பின்னாலேயே ஓடியது. நான்கு பக்கம் எழுதியும் அப்படி ஒரு இரவு போர்வீரனுக்கு அமையவில்லை.

உருட்டலிலும் தொல்லை உண்டு. ஒன்றுக்கொன்று ஒட்டாத முடிவுகள் வரும். அப்போது தயங்காமல் மறுபடி உருட்டுங்கள். ஒரே இரவில் முடியும் ஆட்டங்களில் எனக்கு அனுபவம் குறைவு. ஆடிய இரண்டிலும், எழுதிக் கொண்டுபோன ஒரு பத்தியே போதுமாக இருந்தது. பகையும் மோதிரமும் முளைக்க அங்கே நேரம் இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான்: எத்தனை பேர் விழுந்தாலும் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேரக்டர் ஷீட்டின் பின்பக்கம் பெயர், தொழில், உறவு. 'ஏன்' என்ற இடத்தைக் காலியாக விட்டு டிஎம்மிடம் கொடுத்துவிடுகிறேன்.