ரஸ்தாளியா, பூவனா?
சாப்பிட மட்டும் என்றால் ரஸ்தாளிதான், யோசிக்கவே வேண்டாம். மெல்லிய தோல், மாவு மாதிரி கரையும் சதை, வீடு முழுக்க வாசனை. ஆனால் சில சமயம் நடுவில் கல் விழுந்து, கடிக்கும்போது கட்டி கட்டியாக வரும். நன்றாகப் பழுத்துவிட்டால் தாரைத் தூக்கினாலே பழம் உதிரும், அதனால் தூரத்துச் சந்தைக்கு ஏற்றுவது தலைவலி.

பூவன் லேசாகப் புளிக்கும். ஆனால் பழம் காம்பில் கெட்டியாக நிற்கும், தாரும் பெரிது. இலையை அறுத்து விற்கவும் பூவன் தோட்டம் போடுகிறார்கள்.

உண்மையான வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிறது. இரண்டுமே விதையில்லாத மும்மய (மூன்று குரோமோசோம் தொகுதி கொண்ட) வாழை, பக்கக்கன்றை எடுத்து நட்டுத்தான் இத்தனை காலம் வந்திருக்கின்றன. ஆகவே ரஸ்தாளிக்கு வாடல் நோய் வந்தால் கன்றோடு கன்றாக அடுத்த வயலுக்கும் போகும், தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும், அந்த நோயைக் கொடுக்கும் பூஞ்சை மண்ணில் பல வருடம் கிடக்கும். பூவன் அதைப் பெரும்பாலும் தாங்கிவிடும், வைரஸ் நோய்களில்தான் மாட்டிக்கொள்ளும்.

வாடல் வந்த நிலமா? அப்போது பூவன். கொல்லையில் நாலு மரம்தான் என்றால், நான் ரஸ்தாளிதான் வைப்பேன்.