சர்வர் அறையின் ‘வெஸ்டா’ பராமரிப்பு: ஓராண்டு சேவையைப் பார்த்த பிறகு

சென்னையில் எங்கள் அலுவலகத்தின் சர்வர் அறையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அந்த அறையில், காற்றை உறிஞ்சிப் பரிசோதிக்கும் புகையுணர் கருவி ஒன்று ஏழாண்டுகளாக இயங்கிவருகிறது. எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் இதைத் தொழிலில் இருப்பவர்கள் ‘வெஸ்டா’ என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது ஆஸ்திரேலியாவில் உருவான ஒரு பிராண்டின் பெயர். கூரையில் பொருத்தும் சாதாரண உணர்வி, புகை தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்கும். இந்தக் கருவியோ, குழாயில் வரிசையாக இட்ட சில மில்லிமீட்டர் துளைகளின் வழியாக அறைக் காற்றைத் தன் விசிறியால் இடைவிடாமல் இழுத்து, ஃபில்டரில் தூசியைக் கழித்து, புகைத்துகள் இருக்கிறதா என்று லேசர் ஒளியில் பார்க்கும். இவ்வகையின் நுட்பமான மாடல்களை, ஒரு மீட்டர் தூரத்தில் ஒளி 0.005 சதவீதம் மங்கினாலே எச்சரிக்கும்படி அமைக்கலாம். ஏசி காற்று வேகமாகச் சுழன்று புகையைக் கலைத்துவிடும் அறைக்கு இதைவிடப் பொருத்தமான காவல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் துளை அடைத்துக்கொண்டால் எவ்வளவு கூர்மையான கருவிக்கும் புகை எட்டாது.

இப்போது எங்களுக்குச் சேவை செய்யும் நிறுவனத்தை மதிப்பிடுவதற்கு முன், அதற்கு முந்தைய ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளாக, ஒவ்வொரு காலாண்டிலும் ஒருவர் வருவார். கருவியின் மூடியைத் துடைப்பார். கருவிக்கு மிக அருகிலுள்ள துளையில் ஊதுபத்திப் புகையைக் காட்டுவார். பேனலில் அலாரம் ஒலித்ததும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை ‘காற்றோட்டம் குறைவு’ என்ற கோளாறு விளக்கு எரிந்தபோது, அவர் கருவியின் அமைப்புக்குள் சென்று, அப்போதிருந்த காற்றோட்டத்தையே புதிய நூறு சதவீதமாகப் பதிந்துவிட்டார். விளக்கு அணைந்தது, நாங்களும் நிம்மதியடைந்தோம். குழாய்கள் அடைபட்டிருப்பதைக் கருவி சொல்ல வந்தது. அதன் வாயை மூடிவிட்டோம் என்பது எங்களுக்கு ஓராண்டு கழித்தே விளங்கியது.

புதிய நிறுவனத்தின் முதல் வருகை அரை நாள் நீடித்தது. வந்த இருவரும் முதலில் கருவியைத் தொடவில்லை. சோதனையின்போது வாயு பாய்ந்துவிடாதபடி, தீயணைப்பு வாயு சிலிண்டரை மின்சாரத்தால் திறந்துவிடும் சோலனாய்டைக் கழற்றித் தனியே வைத்து, பேனலில் அந்தப் பகுதியைத் துண்டித்து, கட்டடப் பாதுகாப்பு அறைக்குத் தகவல் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கினார்கள். பிறகு, கருவியை நிறுவிய நாளில் எழுதிய பதிவேட்டைக் கேட்டார்கள். மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை என்பதால் தேடியெடுக்கவே சிறிது நேரமாயிற்று. அதில் கடைசித் துளையிலிருந்து புகை கருவியை அடைய 51 நொடி ஆனதாகக் குறித்திருந்தது. மூத்தவர் ஏணியில் ஏறி, கடைசித் துளையருகே சோதனைப் புகையைக் காட்ட, இளையவர் கீழே நின்று கடிகாரத்தைப் பார்த்தார். 97 நொடி.

அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பான என்.எஃப்.பி.ஏ.வின் 72-ஆம் எண் விதித்தொகுப்பு, புகை கருவியை அடைய 120 நொடிவரை அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் அறை தேறியதாகவே வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்கலாம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பொது விதியைத் தாண்டவில்லை என்பதைவிட, இதே குழாய் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று மூத்தவர் சொன்னார். இந்தச் சேவையில் நான் முதன்மையாக மதிப்பது இந்த ஒரு பார்வையைத்தான்.

காரணத்தைத் தேடியபோது டார்ச் வெளிச்சத்தில் எனக்கே காட்டினார்கள். கடைசித் துளைக்கு முன்பிருந்த இரண்டு துளைகளின் மீதும், பொய்க்கூரைக்கு வெள்ளையடித்தபோது படிந்த பெயிண்ட் மெல்லிய தோல்போல மூடியிருந்தது. நகத்தால் கீறியதும் சிறு வட்டமாக உரிந்து விழுந்தது. கடைசித் துளையின் விளிம்பிலோ, சாம்பல் நிறப் பஞ்சு போன்ற தூசி திரண்டு, பாதி வழியை அடைத்திருந்தது. அருகிலுள்ள துளையில் ஊதுபத்தி காட்டிய ஒவ்வொரு முறையும் அறையின் அந்த மூலை காவலின்றியே இருந்திருக்கிறது.

குழாயைச் சுத்தம் செய்த முறையும் பாராட்டத் தக்கது. கருவியிலிருந்து குழாயைப் பிரித்த பிறகே அவர்கள் தூசியை எடுத்தார்கள். பிரிக்காமல் காற்றடித்தால் அழுக்கெல்லாம் கருவியின் உள்ளே லேசர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளுவது விரைவான வழிதான் என்றாலும், அது சர்வர்களின் மேல் தூசியைப் பொழியும் என்பதால், கருவிப் பக்கத்தில் வேக்குவம் வைத்து உறிஞ்சியே எடுத்தார்கள். ஃபில்டரை மாற்றி, மின்சாரத்தைத் துண்டித்து, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் கருவி நிற்கிறதா என்றும் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து மறுபடி அளந்தபோது 54 நொடி. அதன் பின்னரே காற்றோட்டத்தைப் புதிதாகப் பதிந்து, முன்னும் பின்னும் இருந்த எண்களை அறிக்கையில் அருகருகே எழுதினார்கள். கிளம்புவதற்கு முன் சோலனாய்டை மாட்டியதை என்னையும் அழைத்துக் காட்டினார்கள். சோதனைக்குப் பிறகு அதை மாட்ட மறந்த அறையில் தீப்பிடித்தால், அலாரம் அடித்தும் வாயு வெளியேறாது என்பதை நினைத்தால், இந்த ஒரு நிமிடத்தின் அருமை புரியும்.

குறைகளும் உண்டு. இரண்டாம் வருகைக்கு ஃபில்டர் இல்லாமல் வந்து, அது கிடைக்கப் பதினைந்து நாள் ஆனது. நடுவில் பழையதையே வைத்து ஓட்டினோம். கருவியின் நிகழ்வுப் பதிவைக் கேட்டால் மட்டுமே தருகிறார்கள். பகல் நேரத்தில் புகை காட்டுவது எங்களுக்குச் சங்கடம் என்று பலமுறை சொல்லியும், இரவுப் பணிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். மொத்தச் செலவும் பழைய ஒப்பந்தத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேலாளரிடம் இதற்கு ஒப்புதல் வாங்க, 97, 54 என்ற அந்த இரண்டு எண்களைக் காட்டியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

உங்கள் அறையில் இதுபோன்ற கருவி இருந்தால், வரும் பணியாளரிடம் கடைசித் துளையின் நேரத்தைக் கேளுங்கள். அதை அளக்காதவருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கூரைக்குப் பெயிண்ட் அடிக்கும் நாளில் துளைகளுக்கு டேப் ஒட்டச் சொல்வதோடு, மாலையில் அத்தனை டேப்பும் திரும்ப உரிக்கப்பட்டனவா என்று எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்துவிட்டோம். காலாண்டுதோறும் எல்லாத் துளைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கடைசித் துளையின் நேரத்தை அளந்து எழுத வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தோம். மாற்று ஃபில்டர் ஒன்று இப்போது எங்கள் அலமாரியிலேயே, நிறுவிய நாளின் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.