பெங்களூரில் மாடித் தோட்டம் போடப்போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் தளம் ஒழுகிய கதை

அல்சூர் பக்கம் முப்பதுக்கு நாற்பது சைட்டில் எங்கள் வீடு. கீழே ஒரு சாண் மண் கிடையாது. செடி வைக்க மொட்டை மாடிதான். ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்து அத்தைக்கு ஒரே ஆசை: மாடியில் மல்லிகைப் பந்தல், சாயங்காலம் உட்கார ஓர் இடம். இப்போது எல்லா வீட்டிலும் பெர்கோலா என்கிற சட்டப் பந்தல், செயற்கைப் புல், சரவிளக்கு என்று போடுகிறார்களே, அப்படி நாங்களும் ஒரு ஆளைப் பிடித்தோம். "அக்கா, நம்ம ஊர்க்காரங்கள ஏமாத்துவேனா?" என்றார். அந்த வார்த்தையை நம்பி வேறு யாரிடமும் விலை கேட்கவில்லை. மொத்தம் 3,40,000 ரூபாய், முன்பணம் 2,00,000.

நிஜப் புல்தான் கேட்டோம். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை நினைவுபடுத்தி, செயற்கைப் புல்லுக்குச் சம்மதிக்க வைத்தார். அது மத்தியான வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவில்லை. அத்தையால் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

தளத்தில் தண்ணீர் இறங்காமல் அடிக்கும் வாட்டர்புரூஃபிங் பூச்சு பற்றி என் கணவர் கேட்டார். "ரெண்டு கோட் அடிச்சிடறேன் சார்." நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நாளில் அடித்துவிட்டதாகச் சொன்னார். மறுநாளே செங்கல் பாத்தி எழும்பியது. பெர்கோலா கால்களுக்குத் தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கினார்கள்.

மே மாதம் கோடை மழை. இரண்டாவது மழை ராத்திரி அத்தை கூப்பிட்ட குரலுக்கு ஓடினோம். தலையணை நனைந்திருந்தது. ஃபேன் கொக்கியைச் சுற்றித் தாம்பாளம் அளவுக்குப் பழுப்புக் கறை. கொக்கி நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழ, அடுத்தது ஊறிக்கொண்டிருந்தது. சுவிட்சைத் தொடப் பயந்து மெயினையே அணைத்தோம்.

விடிந்ததும் மாடிக்குப் போய்ப் புல்லின் மூலையைத் தூக்கினேன். மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாய்மேலேயே புல்லைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். அடியில் தண்ணீர் தேங்கிச் சாக்கடை வாடை. பாத்தியில் கையை விட்டேன். விலைப்பட்டியலில் இருந்தது கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்த லேசான கலவை. கையில் வந்தது களியாக ஒட்டும் செம்மண்.

பிறகு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரை வரவழைத்தோம். வேலைக்கு முன்பே கூப்பிட்டிருக்க வேண்டியவர். ஆள் நடமாடும் மாடி தாங்க வேண்டிய பாரத்துக்கு ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தரநிலை வைக்கும் கணக்கு, சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஒன்றரை அடி ஆழத்துக்கு ஈரச் செம்மண் போட்டால் அதே இடத்தில் 700 கிலோவைத் தாண்டும் என்றார். அந்தப் பாத்தி அத்தையின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. பணம் போனதைவிட இதுதான் என்னை ராத்திரியில் எழுப்பிவிடுகிறது.

போன் செய்தால், "மழை ஜாஸ்தி மேடம், எல்லா வீட்லயும் ஒழுகுது" என்றார். மறுநாளிலிருந்து எடுப்பதே இல்லை. ரசீது தரவில்லை, யூ.பி.ஐ.யில் பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியலும்தான் கையில் உள்ள ஆதாரம். அதை வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

மாடியில் வேலை ஆரம்பிப்பவர்களே, பூச்சு அடிக்கும்போது ஒருநாள் லீவு போட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். பூச்சு காய்ந்ததும் குழாய் வாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டி, குறைந்தது 48 மணி நேரம் கீழ் வீட்டுக் கூரையில் கசிகிறதா என்று பாருங்கள். அதுவரை அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள். தளத்தைத் துளைக்க விடாதீர்கள். பெர்கோலா காலுக்குத் தளத்தின்மேல் தனியாகப் பீடம் கட்டச் சொல்லுங்கள்.

செம்மண்ணை மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டோம். மல்லிகை மட்டும் பிழைத்து, குரோ பேகில் படியோரம் நிற்கிறது. வேறு மேஸ்திரி வைத்துப் பூச்சு அடித்தாகிவிட்டது. வரும் சனிக்கிழமை தண்ணீர் கட்டிப் பார்க்கிறோம். அத்தை இன்னும் ஹாலில்தான் படுக்கிறார்கள்.